பேய்த் தொடரில் ஓர் இயற்கை மரணம்

பேய்களையும் மந்திர தந்திரங்களையும் கருவாகக் கொண்ட ஒரு தொலைக்காட்சித் தொடரின் இரசிகர்களிடம், அத்தொடரில் தங்களுக்கு மிகவும் பிடித்த அங்கம் எது என்று கேட்டால் என்ன பதில் வரும்? மிகக் கொடிய பேய் வந்த அங்கத்தையோ, கதாநாயகி உலகத்தையே காப்பாற்றிய அங்கத்தையோ சொல்வார்கள் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். 'பஃபி த வம்பையர் ஸ்லேயர்' என்ற அமெரிக்கத் தொடரின் இரசிகர்கள் இந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்கி விடுகிறார்கள்.

1997 மார்ச் மாதத்தில் தொடங்கி 2003 மே மாதத்தில் முடிவடைந்த இத்தொடரில் மொத்தம் 144 அங்கங்கள் உண்டு. இரசிகர்கள் கூடிப் பேசும் இடங்களிலெல்லாம் அவற்றுள் மூன்று அங்கங்கள் தவறாமல் முன்னுக்கு வரும். ஒன்று, ஓர் ஊரே குரலை இழந்து ஊமையாகிவிடும் 'ஹஷ்'. இரண்டு, எல்லோரும் தம்மை மீறிப் பாடத் தொடங்கிவிடும் இசை அங்கமான 'வன்ஸ் மோர் வித் ஃபீலிங்'. இவ்விரண்டையும் எவரும் எளிதில் விளங்கிக் கொள்ளலாம். மூன்றாவதாக வருவது 2001 பெப்ரவரி 27ஆம் திகதி ஒளிபரப்பான 'த பொடி', அதாவது 'உடல்'. கதாநாயகியின் தாய் வீட்டுச் சோபாவில் இறந்து கிடக்கிறாள். பேய் கொல்லவில்லை. சூனியம் இல்லை. மூளையில் ஓர் இரத்த நாளம் வெடித்தது. அவ்வளவுதான்.

இந்த அங்கத்தை ஏன் இத்தனை பேர் நெஞ்சில் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி என்னைப் பல காலமாகத் தொடர்ந்து வந்திருக்கிறது. மரணச் செய்திகளை எழுதுவதே தொழிலின் பெரும் பகுதியாக இருந்த ஒருவனுக்கு இக்கேள்வி வெறும் பொழுதுபோக்குச் சங்கதியாகத் தோன்றாததில் வியப்பில்லை.

தொடரை அறியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். பஃபி, கலிபோர்னியாவில் சன்னிடேல் என்ற கற்பனை ஊரில் வாழும் ஓர் இளம்பெண். இரத்தக் காட்டேரிகளைக் கொல்வதற்கென்று விதிக்கப்பட்டவள். சாரா மிஷெல் கெல்லர் இந்தப் பாத்திரத்தில் நடித்தார். அவ்வூர் நரகத்தின் வாசலில் அமைந்திருப்பதால் வாரத்துக்கு வாரம் யாராவது சாவார்கள். சாவு அங்கே மலிவு. கொல்லப்படும் காட்டேரிகளோ ஒரு கணத்தில் தூசியாகிக் காற்றோடு போய்விடும். எடுத்து அடக்கம் செய்யச் சடலம் மிஞ்சாது. துடைக்க இரத்தமும் மிஞ்சாது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகளாக இரசிகர்களுக்குப் பழக்கமாகியிருந்த சாவு இத்தகையது.

தொடரின் 94ஆவது அங்கமான இதில் தூசியாகாத ஓர் உடலைக் காட்டுகிறார்கள். தொடரை உருவாக்கிய ஜொஸ் வீடனே இதனை எழுதி இயக்கினார். அவருடைய தாயும் இதே போல மூளை இரத்த நாளம் வெடித்து இறந்தவர். தொடரின் ஆரம்ப இசை தவிர, அங்கம் முழுவதிலும் பின்னணி இசை கிடையாது. எப்போது அழவேண்டும் என்று வயலின் வந்து நமக்குச் சொல்லித் தருவதில்லை. வெளியே காற்றில் அசையும் மணிகளின் ஓசையும் சிறுவர்கள் விளையாடும் சத்தமும் மட்டும் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. உள்ளே ஒரு மகள் தாயின் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயன்று கொண்டிருக்கிறாள்.

இரசிகர்கள் இந்த அங்கத்தைப் பற்றிப் பேசும்போது பெரிய விடயங்களை விட்டுவிட்டுச் சின்னச் சின்ன விடயங்களையே எடுத்துப் பேசுவதைக் கவனித்திருக்கிறேன். பஃபி வாந்தி எடுத்த இடத்தில் ஒரு காகிதத் துண்டைப் போட, ஈரம் மெல்லப் பரவுவதைக் கமெரா பார்த்துக்கொண்டே இருக்கிறது. தோழி வில்லோ, வைத்தியசாலைக்கு எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவது என்று தெரியாமல் ஒன்றை மாற்றி ஒன்றாகப் போட்டுப் பார்த்துத் தவிக்கிறாள். நண்பன் ஸாண்டரின் காருக்கு, தவறான இடத்தில் நிறுத்தியதற்காக அபராதச் சீட்டு எழுதப்படுகிறது. யார் வீட்டில் யார் செத்தாலும் உலகம் தன் கணக்கைத் தவறவிடுவதில்லை என்பதற்கு அந்தச் சீட்டைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

அப்படிப் பேசிக்கொண்டிருப்பவர்களின் பேச்சு, நான் கண்டவரையில், நீண்ட நேரம் தொடரைப் பற்றியதாக இருப்பதில்லை. யாராவது ஒருவர் தம் தாய் இறந்த நாளைச் சொல்லத் தொடங்குவார். அன்று தாம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததை இன்னொருவர் சொல்வார். தந்தை இறந்த பின்னர் இதை மறுபடி பார்க்கத் தம்மால் முடியவில்லை என்பார் வேறொருவர். மிகவும் பிடித்த அங்கம் என்று சொல்லிவிட்டு, அதை இனி ஒருபோதும் பார்க்கமாட்டேன் என்றும் சொல்லக்கூடிய இரசிகர்களை வேறு எங்கே காணமுடியும்?

அங்கத்தின் தலைப்பு குறித்தும் அவர்களிடையே பேச்சு நடப்பதுண்டு. பஃபி அவசர உதவிக்குத் தொலைபேசியில் அழைத்து, அம்மா குளிர்ந்துபோய் இருக்கிறாள் என்கிறாள். மறுமுனையில் இருப்பவர், உடல் குளிர்ந்துவிட்டதா என்று கேட்கிறார். இல்லை, என் அம்மா என்று பதறித் திருத்துகிறாள் பஃபி. சற்று நேரத்தின் பின், அவளுக்குத் தந்தை போன்ற ஜைல்ஸ் ஓடிவந்து தாயைத் தூக்க முனையும்போது, உடலை அசைக்கக் கூடாது என்று அவளே கத்துகிறாள். கத்திய கணத்தில், தன் வாயிலிருந்து வந்த சொல்லைத் தானே கேட்டு உறைந்து போகிறாள்.

நமது ஊர்களிலும் இதுதானே நடக்கிறது? காலையில் அம்மாவாக இருந்தவரை மாலையில் "பிரேதம் எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். கேட்பவர் மேல் குற்றமில்லை. அந்தச் சொல்லை வீட்டார் முதன்முறையாகத் தம் வாயால் சொல்லும் கணம் ஒன்று உண்டு. மரணம் உண்மையில் நிகழ்வது அப்போதுதான் என்று நான் கருதுகிறேன்.

இரசிகர்கள் அதிகமாகப் போற்றும் காட்சி அன்யாவுடையது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழிவாங்கும் பூதமாக வாழ்ந்து, பின்னர் மனிதப் பிறவியாக மாறியவள் அவள். மற்றவர்கள் மனம் புண்படும்படி ஏதேதோ கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கண்டித்ததும் உடைந்து அழுகிறாள். இருந்த ஒருவர் எப்படி இல்லாமற் போகிறார், அந்த உடலுக்குள்ளே திரும்பிப் போனால் என்ன, இனி அவர் ஒருபோதும் பழரசம் குடிக்கமாட்டாரா என்பதெல்லாம் அவளுக்கு விளங்கவில்லை. எத்தனையோ சாவுகளுக்குக் காரணமாயிருந்த பூதத்துக்கு மரணம் என்றால் என்னவென்று தெரியவில்லை! அந்தக் கேள்விகளுக்கு அங்கிருந்த எவரிடமும் பதில் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஒரு விடயத்தில் மட்டும் இரசிகர்கள் இரு பிரிவாக நிற்கிறார்கள். அங்கத்தின் இறுதியில், தங்கை டோன் தாயின் உடலைப் பார்ப்பதற்காக வைத்தியசாலையின் பிரேத அறைக்குள் இரகசியமாக நுழைகிறாள். அங்கே இன்னொரு சடலம் காட்டேரியாக எழுந்து அவளைத் தாக்குகிறது. பஃபி வந்து அதைக் கொல்கிறாள். இத்தனை உண்மையாகச் சென்ற கதையில் கடைசி நேரத்தில் காட்டேரி எதற்கு, அது பழக்கதோஷத்தால் வந்த பிழை என்பது ஒரு தரப்பின் வாதம்.

நான் மறுதரப்பைச் சார்ந்தவன். அந்தக் காட்டேரி இல்லையென்றால் இந்த அங்கம் முழுமை பெறாது. ஒரே அறையில் இரண்டு சடலங்கள். ஒன்று எழுந்து வருகிறது, வெட்டுண்டு தூசியாகிறது. மற்றது எழவுமில்லை, தூசியாகவுமில்லை. சண்டையில் விலகிய துணியின் கீழே அப்படியே கிடக்கிறது. எழுந்து வரும் சடலத்தை வெல்லப் பஃபிக்கு வழி தெரியும். எழாத சடலத்தின் முன் அவள் ஒன்றும் செய்யத் தெரியாத ஒரு மகள். பேய்க்கதை என்ற வடிவத்தால் மட்டுமே இந்த ஒப்பீட்டைக் காட்ட முடியும். சாதாரணக் குடும்பத் தொடர் ஒன்றில் இதே மரணம் நிகழ்ந்திருந்தால் அடுத்த வாரமே மறந்திருப்போம்.

இங்கே இன்னொரு விதியும் இருக்கிறது. அடுத்த அங்கத்திலேயே டோன் மந்திரத்தால் தாயை எழுப்ப முயல்கிறாள். வாசலில் காலடி ஓசை கேட்கிறது. ஆனால் கதவு திறக்கும் முன்னரே மந்திரத்தைக் கலைத்து விடுகிறாள். 1902இல் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் எழுதிய 'குரங்கின் பாதம்' கதையைப் படித்தவர்களுக்கு அந்தக் காலடி ஓசை புதிதல்ல. பின்னர் பஃபியே இறக்கிறாள்; அவளைத் தோழி மந்திரத்தால் மீட்டு விடுகிறாள். துப்பாக்கிக் குண்டுக்கு இரையாகும் தாராவையோ மீட்க முடியவில்லை. மாயத்தால் வந்த சாவை மாயம் மாற்றலாம், இயற்கையாலோ மனிதராலோ வந்த சாவை மாற்ற முடியாது என்பது அத்தொடரின் சட்டம். பேய்களுக்கு இத்தனை அதிகாரம் கொடுத்த ஓர் உலகம், அந்த ஓரிடத்தில் மட்டும் நமது உலகத்தின் சட்டத்துக்குத் தலைவணங்குகிறது.

டோன் ஏன் பிரேத அறைக்குப் போனாள் என்று கேட்பவர்கள் உண்டு. எமது மக்களிடம் இக்கேள்வியை எவரும் கேட்கத் தேவையில்லை. கண்ணால் காணாத மரணத்தை மனம் ஏற்காது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளுக்காக வீதியோரத்தில் அமர்ந்த தாய்மார், மரணச் சான்றிதழையோ நட்டஈட்டையோ முடிவாக ஏற்க மறுத்தார்கள். அதைப் பிடிவாதம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். உடல் இல்லாமல் மரணத்தை நம்பு என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? பதில் கிடைக்காமலே அவர்களுள் பலர் கண்மூடி விட்டார்கள்.

கடல் கடந்து வாழும் வாசகர்களுக்கு வேறொரு அனுபவம் இருக்கும். விசா இல்லாமலோ, அகதி வழக்கு முடியாமலோ, ஊருக்குப் போகமுடியாமல், தாயின் இறுதிக் கிரியையைக் கைபேசித் திரையில் பார்த்தவர்கள் எத்தனை பேர்! முகத்தைப் பார்த்தார்கள். தொட முடியவில்லை. டோனும் தொடவில்லை. தாயின் கன்னத்தை நோக்கி அவள் விரல் நீள்கிறது; தொடுவதற்கு முன் திரை இருண்டு அங்கம் முடிந்து விடுகிறது. எமக்குத் தெரிந்த பலரின் துக்கமும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

போர்க்காலத்துப் பத்திரிகைகளில் மரணம் எண்ணிக்கையாகவே தலைப்பில் வந்தது. பத்துப் பேர், நாற்பது பேர் என்று எழுதப்பட்ட நாட்களில், நோயால் இறந்த ஒரு முதியவளின் மரணம் உட்பக்கத்து அறிவித்தலாகவே இருக்கும். "நல்ல சாவு, படுக்கையில் போனாள்" என்று அயலார் ஆறுதல் சொல்வார்கள். ஆறுதல்தான். ஆனாலும் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாம் அழுவதற்கே கூச்சமாக இருந்த காலம் அது. பெருஞ்சாவுகளின் நடுவே ஓர் இயற்கை மரணம் சிறிதாகிவிடுவதில்லை. வாரந்தோறும் கொலைகளைக் காட்டிய ஒரு தொடர் அதை உணர்ந்து சொன்னதனாற்றான் இந்த அங்கத்தை நான் மதிக்கிறேன்.

வீடன் படப்பிடிப்புத் தளங்களில் நடந்துகொண்ட முறை பற்றி 2021இல் அத்தொடரின் நடிகைகள் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார்கள். அதன் பின்னர் அவருடைய படைப்பைக் கொண்டாடலாமா என்று இரசிகர்கள் கேட்பது நியாயமானது. எனது கருத்து, அந்த அங்கம் இப்போது அவருடையதாக மட்டும் இல்லை என்பதே. தாயாக நடித்த கிறிஸ்டின் சதர்லண்ட் அசையாமல் கிடந்த கிடப்பும், அழுகையை விழுங்கிய கெல்லரின் முகமும் அதில் இருக்கின்றன. தம் வீட்டுச் சாவைச் சொல்ல அதைத் துணையாகக் கொண்ட ஆயிரமாயிரம் பேரின் நினைவுகளும் அதனோடு சேர்ந்துவிட்டன.

டோனாக நடித்த மிஷெல் ட்ரக்ரன்பேர்க் 2025 பெப்ரவரி 26ஆம் திகதி, தமது 39ஆவது வயதில் காலமானார். அந்த அங்கம் ஒளிபரப்பாகி இருபத்து நான்கு ஆண்டுகள் நிறைவடைய ஒரு நாள் இருந்தது. நீரிழிவு நோயின் விளைவு என்று வைத்திய அறிக்கை கூறியது. அதுவும் ஓர் இயற்கை மரணமே.

பேய்த் தொடர் பார்ப்பவர்களைப் பற்றி எம்மவரில் பலருக்கு ஓர் இளக்காரம் உண்டு; உண்மை உலகத்துக்கு முகங்கொடுக்க முடியாமல் ஓடுகிறவர்கள் என்பார்கள். ஓடுகிறவர்கள், 144 அங்கங்களுள் ஒரு சோபாவையும் அதில் கிடந்த தாயையும் தேர்ந்தெடுத்துத் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருப்பார்களா? உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இத்தகைய தொடர் ஒன்றைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினால், எந்த அங்கம் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவர்கள் இதுவரை உங்களிடம் சொல்லாத ஒரு துக்கம் அந்தப் பதிலுக்குள் இருக்கக்கூடும்.