கியர்பெட்டிக்கும் ஒரு வெப்பமானி வேண்டும்



பழைய ஸ்போர்ட்ஸ் ரக மகிழுந்துகளின்பால் நம் இளைஞர்களுக்குள்ள ஈடுபாட்டை நாம் அனைவரும் அறிவோம். என்னிடம் படித்த மாணவர்கள் சிலர், வேலைக்குச் சென்று சேமித்த முதல் பணத்தில் வாங்கியது பழைய புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ. 1990களின் இறுதியில் அறிமுகமாகி, 2005ஆம் ஆண்டுவரை தயாரிக்கப்பட்ட வண்டி அது. 1.8 லிட்டர் மிட்சுபிஷி இயந்திரமும் ஐந்து வேகக் கைக்கியரும் கொண்டது. அவ்வண்டிகளில் இன்று இளையது என்றாலும் இருபது வயதைக் கடந்துவிட்டது. அதற்காக அவர்கள் செலவிடும் பணத்தைப் பற்றியும், செலவிடும் முறையைப் பற்றியும் எனக்கு ஒரு கருத்து உண்டு. அதையே இங்கு எழுதுகிறேன்.

சுருங்கச் சொன்னால் என் கருத்து இதுதான்: வண்டியை மாற்றியமைக்கும் முன்னர், அதன் கியர்பெட்டி எண்ணெய் எவ்வளவு சூடாகிறது என்பதை அளந்தறிய வேண்டும். அளக்காமல் வாங்கும் பொருள் ஊகத்திற்குக் கொடுக்கும் விலையாகும்.

பழைய வண்டிகளின் முகப்பில் இயந்திர நீரின் வெப்பத்தைக் காட்டும் முள் ஒன்று இருக்கும். அது நடுவில் நின்றால் எல்லாம் நலம் என நம்புகிறோம். அந்த முள் நீரைப் பற்றி மட்டுமே பேசும். கியர்பெட்டியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. நீரைப் பற்றியும் அது முழுமையாகப் பேசுவதில்லை. ஓட்டுநர் வீணாக அஞ்சக்கூடாது என்பதற்காக, வெப்பம் சற்று ஏறி இறங்கினாலும் முள் அசையாதவாறு பல வண்டிகளில் அமைத்துள்ளனர். கியர்பெட்டி எண்ணெயின் வெப்பத்தை ஓட்டுநருக்குக் காட்டும் வசதியை 2007இல் வெளிவந்த நிசான் ஜி.டி.ஆர். ஆர்35 போன்ற வண்டிகள் தொழிற்சாலையிலேயே பெற்றிருந்தன. சத்ரியா போன்ற பழைய வண்டிகளுக்கு அந்தப் பேறு இல்லை.

கியர்பெட்டியில் வெப்பம் எங்கிருந்து வருகிறது? பற்கள் ஒன்றன்மீது ஒன்று வழுக்கிச் செல்லும் உராய்வு, தாங்கிகளின் உராய்வு, சுழலும் சக்கரங்கள் எண்ணெயைக் கடையும் உழைப்பு ஆகிய மூன்றும் வெப்பமாகின்றன. ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். சத்ரியா ஜி.டி.ஐ. இயந்திரத்தின் உச்ச ஆற்றல் ஏறத்தாழ 100 கிலோவாட். கியர்பெட்டியில் 3 விழுக்காடு இழப்பு என்று வைத்துக்கொண்டால், முழு ஆற்றலில் ஓடும்போது 3 கிலோவாட் வெப்பம் உண்டாகும். நம் சமையலறையில் நீர் கொதிக்க வைக்கும் மின்கேத்தலுக்கு ஒப்பான வெப்பம் அது. அந்த வெப்பத்தை முதலில் தாங்குவது ஏறத்தாழ இரண்டு லிட்டர் எண்ணெய். வெளியேற்றுவது அலுமினியக் கூடும் அதைத் தழுவும் காற்றும் மட்டுமே. அந்தக் கூடோ சூடான இயந்திரத்தின் பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறது.

சூடேறினால் என்ன கெடும்? 75டபிள்யூ-90 வகை எண்ணெயை எடுத்துக்கொள்வோம். 40 பாகை செல்சியஸில் இருக்கும் அதன் பாகுத்தன்மை, 100 பாகையில் ஆறில் ஒரு பங்கு, ஏழில் ஒரு பங்கு என்ற அளவிற்குக் குறைந்துவிடும். மேலும் சூடேறினால், பற்களுக்கு இடையே நிற்க வேண்டிய எண்ணெய்ப் படலம் மெலிந்து, உலோகம் உலோகத்தைத் தொடும். வெப்பம் 10 பாகை கூடினால் எண்ணெய் சீரழியும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொறியியலார் கைக்கொள்ளும் பொதுவிதி. அளவுக்கு மீறிய குளிர்ச்சியும் நல்லதன்று. எண்ணெய் தடித்திருக்கும்போது விரைந்து கியர் மாற்றினால் சின்க்ரோ வளையங்கள் தேயும். இயந்திர நீர் சூடான பின்னரும் கியர்பெட்டி எண்ணெய் சூடாக மேலும் சில மைல்கள் பிடிக்கும் என்பதைப் பலர் நினைப்பதில்லை.

"இத்தனை ஆண்டுகள் மானி இல்லாமல்தானே ஓடியது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நாள்தோறும் வேலைக்குச் சென்று வர மட்டும் பயன்படும் வண்டிக்கு இது தேவையில்லை. எண்ணெயை உரிய காலத்தில் மாற்றினாலே போதும். ஆனால் தாப்பாவிலிருந்து தானா ராத்தாவிற்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறும் வண்டியும், சிப்பாங் பந்தயத் தடத்தில் சுற்றுக்கு 5.543 கிலோமீட்டர் என முழு வேகத்தில் விரட்டப்படும் வண்டியும் வேறு. முதுமையையும் கருத்தில் கொள்ள வேண்டும். பழைய வண்டியில் எண்ணெய்த் தடுப்பு வளையங்கள் இறுகிக் கசியும், தாங்கிகள் தேய்ந்திருக்கும். அதே சாலையில், அதே வேகத்தில், சென்ற மாதத்தைவிட முள் உயர்ந்து நின்றால் அது ஒரு முன்னறிவிப்பு. பற்கள் அரைபடும் ஓசை கேட்கும்போதோ காலம் கடந்திருக்கும்.

மானியைப் பொருத்துவதிலும் கவனம் வேண்டும். உணரி எண்ணெயில் மூழ்கியிருக்க வேண்டும். எண்ணெய் இறக்கும் அடிப்பகுதித் திருகுக்கு மாற்றாக, உணரி பொருத்திய திருகைப் போடுவது வழக்கம். அது கீழே துருத்திக்கொண்டு கல்லில் அடிபடக் கூடாது. புகைக்குழாயின் அருகிலும் இருக்கக் கூடாது. ஒற்றைக் கம்பி உணரிக்கு அதன் உடலே மின்னிணைப்பாகும். ஆகவே, திருகில் நாடாவைச் சுற்றினால் மானி பொய் சொல்லும். உணரியை விட எண்ணெய் மட்டம் தாழ்ந்துவிட்டாலும் முள் தாழ்ந்தே நிற்கும்; அதை நலம் என்று எண்ணிவிடக் கூடாது. அகச்சிவப்புக் கருவியைக் கூட்டின்மேல் நீட்டி அளப்பது போதாது. அது மேற்பரப்பை மட்டுமே அளக்கும். பளபளக்கும் அலுமினியத்தில் உண்மையைவிடக் குறைவாகவும் காட்டும்.

பொருத்தும் முன்னர் உணரியைச் சோதிக்க வேண்டும். உருகும் பனிக்கட்டி நீரில் 0 பாகையும், கொதிநீரில் 100 பாகையும் காட்டுகிறதா எனப் பாருங்கள். கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் உள்ள தானா ராத்தாவில் இதைச் செய்தால் நீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதிக்கும். அங்கு 95 காட்டும் மானியே நேர்மையான மானி. ஆசிரியர்களே, அறிவியல் பாடத்திற்கு இதைவிடச் சுவையான எடுத்துக்காட்டு வேண்டுமா?

பிறகு ஒரு குறிப்பேடு போதும். நாள், சாலை, வெளிவெப்பம், எண்ணெய் வெப்பம் ஆகியவற்றை எழுதிவர வேண்டும். சாதாரண ஓட்டத்தில் 60 முதல் 90 பாகை வரை இருந்தால் கவலையில்லை. 120 பாகையைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்து ஆறவிட வேண்டும் என்பது நான் சொல்லும் எல்லை. எண்ணெயின் தரத்தைப் பொறுத்து இது சற்று மாறலாம். ஓட்டும்போது முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பது ஆபத்து. எல்லை தாண்டினால் எரியும் எச்சரிக்கை விளக்கைச் சேர்ப்பது நல்லது.

இவ்வாறு அளந்த பின்னரே எண்ணெய்க் குளிர்விப்பானைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு விசைக்குழாய் வேண்டும், ரப்பர்க் குழாய்கள் வேண்டும். ஒவ்வோர் இணைப்பும் கசிவுக்கு ஒரு வழி. குறிப்பேட்டில் 90ஐத் தாண்டாத வண்டிக்கு அது வீண்செலவு மட்டுமன்று, தீங்கும் ஆகலாம். புதிய எண்ணெயும் சரியான மட்டமும் பல வேளைகளில் போதுமானவை.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். மகன் பழைய வண்டியின் அடியில் படுத்துக் கிடப்பதைக் கண்டு, "உருப்படாத வேலை" என்று கடிந்துகொள்ளாதீர்கள். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாமல் உறுதியான தாங்கிகளின்மீது நிறுத்தியிருக்கிறானா என்று முதலில் பாருங்கள். பின்னர், "எத்தனை பாகை காட்டுகிறது? சென்ற வாரம் எத்தனை?" என்று கேளுங்கள். விடை தெரிந்தால் அவன் பொறியியல் கற்கிறான் என்று பொருள். விடை தெரியாவிட்டால் அந்தக் கேள்வியே அவனுக்குப் பாடமாகும். பட்டறைக்காரர் சொன்னார், நண்பன் போட்டிருக்கிறான் என்பதற்காகப் பணத்தைக் கொட்டும் பழக்கத்திற்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

மானிக்குச் சில நூறு ரிங்கிட் ஆகலாம். கெட்டுப்போன கியர்பெட்டியைப் பிரித்துச் சீர்செய்யச் சில ஆயிரம் ஆகும். எதை முதலில் வாங்க வேண்டும் என்பதை நம் பிள்ளைகள் கணக்குப் போட்டே முடிவு செய்யட்டும்.