கைச்சாத்திடுமுன்

"குற்றவாளியைப் பொலிசார் பிடித்துச் சென்றனர்." நம் கடற்கரையூர்களில் நாள்தோறும் காதில் விழும் வாக்கியம் இது. மாணவனொருவன் இதனைக் கட்டுரையில் எழுதினால் நான் முதற் சொல்லைச் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். பிடிக்கப்பட்ட வேளையில் அவன் சந்தேகநபர். வழக்குத் தொடரப்பட்டால் எதிரி. நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே குற்றவாளி. குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதியெனவே கொள்ளப்படுவார் என 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 13ஆம் உறுப்புரையில் விதித்துள்ளது. பாண்டியன் தீர விசாரியாது கோவலனைக் கொல்வித்தான் என்று வகுப்பிலே கண்கலங்கும் நம் பிள்ளைகள், அயல்வீட்டு இளைஞன் பொலிஸ் ஜீப்பில் ஏற்றப்பட்டால் அன்று மாலையே தீர்ப்புக் கூறிவிடுகின்றனர்! விடுதலையாகி வந்த பின்னும் அவனுக்குப் பெண் கொடுப்பார் இல்லை.

கைதின் காரணத்தைக் கைது செய்யப்படுபவருக்கு அறிவித்தல் வேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துள் அவரை நீதவான் முன் நிறுத்துதல் வேண்டும். பிணை வழங்குதலே விதி, மறுத்தல் விதிவிலக்கு என்பது 1997ஆம் ஆண்டுப் பிணைச் சட்டத்தின் கொள்கையாகும். இவை ஓரளவு பலரும் அறிந்தவையே.

அறியாதது வாக்குமூலத்தின் செய்தி. பொலிஸ் விசாரணையிற் சொல்லப்படுவது எழுத்தில் வடிக்கப்படுகிறது. அதனைச் சொன்னவருக்குக் காட்டவோ வாசித்துக் காட்டவோ வேண்டும். எழுதிய மொழி அவருக்கு விளங்காதாயின் விளங்கும் மொழியிற் பெயர்த்துச் சொல்லவேண்டும். திருத்திக் கூறவும் சேர்த்துக் கூறவும் அவருக்கு உரிமையுண்டு. சட்டக்கோவையின் 110ஆம் பிரிவு இவ்வாறு கூறுகின்றது. ஆனால் எம்மவர் செய்வதென்ன? "எங்கே ஐயா கையெழுத்து வைப்பது?" என்று கேட்டு வைத்துவிட்டு வருகின்றனர்.

பொலிசாரிடம் அளித்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு மாறாக நிரூபிக்கலாகாது என 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் கூறுவதால், கைச்சாத்தினால் என்ன தீங்கு வரும் எனச் சிலர் கேட்கலாம். பின்னர் நீதிமன்றிற் சொல்வதற்கும் ஏட்டிலுள்ளதற்கும் முரண்பாடு காட்ட அவ்வாக்குமூலம் பயன்படும். மேலும், 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் அளிக்கும் ஒப்புதலைச் சான்றாக ஏற்றது. அது வற்புறுத்திப் பெறப்பட்டதென நிரூபிக்கும் சுமையையும் எதிரியின் தலையிலேயே வைத்தது.

நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கை ஈண்டு நினைத்தல் தகும். 1993இல் கைதான அவர் தமிழன்றிப் பிறமொழி அறியார். சிங்களத்தில் எழுதப்பட்ட ஒப்புதலொன்றில் அவருடைய பெருவிரல் அடையாளம் இருந்தது. அதனையே ஆதாரமாகக் கொண்டு 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 50 ஆண்டுச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்தது. நீதியான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டதென ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2004இல் முடிவு கூறியும், 2006இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பை மாற்ற மறுத்துவிட்டது.

நம் பகுதியின் இடர் சற்று வேறுவகையானது. உடப்பிலும் முந்தலிலும் கற்பிட்டியிலும் மீன் விற்கும் நம்மவர் சிங்களத்தைச் சரளமாகப் பேசுவர். சிலாபச் சந்தையில் அவர்களை விலைபேசி வெல்லுதல் அரிது. எனினும் எழுத்தை வாசிக்க அறியாதார் பலர். பேசுகின்றவன் வாசிப்பான் என எழுதுபவர் எண்ணிவிடுகின்றார். தெரியாது எனச் சொல்ல இவனுக்கோ வெட்கம். வடமேல் மாகாணத்து நீதிமன்ற மொழி சிங்களம். மொழிபெயர்ப்புக் கோரும் உரிமையை 24ஆம் உறுப்புரை அளித்துள்ளது. கோரினாலன்றோ கிடைக்கும்?

சிங்கள எழுத்தைக் கற்பித்தலே நிலையான பரிகாரம் என்பேன். தமிழாசிரியன் இப்படிச் சொல்வதா என எவரேனும் முகஞ்சுளித்தால் சுளிக்கட்டும். அதுவரை, சட்டத்தொழில் புரியும் பழைய மாணவர்கள் தவணைக்கொரு நாள் நம் மேல்வகுப்புகளுக்கு வந்து, மாதிரி வாக்குமூலமொன்றைப் பிள்ளைகளோடு வரிவரியாக வாசித்தல் வேண்டும். நானும் என் வகுப்பில் இவ்வாண்டு ஒரு சிங்கள வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிப் பாடமாக்கியுள்ளேன்: "மட்ட தெமளென் கியவலா தென்ன." எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள் என்பது பொருள்.