குன்றுக்குக் கன்று ஏது?

“பாறைகள் மூவகைப்படும்: தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை.” பூகோளத் தேர்வுக்கு இதை மனப்பாடம் செய்கிறோம், எழுதுகிறோம், மறந்தும் விடுகிறோம். ஒரு மலை ஏன் அந்த உருவில் நிற்கிறது என்பதற்கு இம்மூன்று பெயர்களிலேயே விடை இருக்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மும்பைக்கும் புனேக்கும் இடைப்பட்ட மலைகள் படிக்கட்டு போலத் தோன்றும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காய்ப் பாய்ந்து உறைந்த தீப்பாறை அது. மெலிந்த அடுக்குகள் கரைந்துபோக, உறுதியானவை படிகளாக நின்றன. எவரெஸ்டின் உச்சியோ கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல். 8,849 மீட்டர் உயரத்தில் கடலுயிர்களின் எச்சங்கள்! நோவா காலத்து வெள்ளம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதி அக்கடலடியை மேலே தள்ளியது என்பதே விஞ்ஞானம் கண்டது.

மூன்றாவது வகைக்குச் சென்னையே போதும். புனித தோமையார் இரத்தம் சிந்திய இடமென்று மரபாகப் போற்றப்படும் பரங்கிமலை, சார்னோகைட் என்னும் கருங்கல்லால் ஆனது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல் இவ்வினத்தது என்று கண்டு, 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலார் அவர் பெயரையே இதற்குச் சூட்டினார். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் வெகு ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருமாறிய கல் இது. மழைக்கும் வெயிலுக்கும் எளிதில் கரையாது. சுற்றியிருந்த நிலம் தேய்ந்து இறங்க, பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் எஞ்சி நின்றன. நீலகிரியின் பெரும்பகுதியும் இவ்வினக் கல்லே.

அந்த உறுதியே அதற்குப் பகையாயிற்று. நல்ல ஜல்லி கிடைக்கும் என்று பல்லாவரம், திரிசூலம் பகுதிக் குன்றுகளை வெடிவைத்துக் குடைந்தார்கள். இன்று அங்கே ஆழமான நீர்க்குட்டைகள்.

வீடும் சாலையும் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் வகுப்பறையும் ஜல்லி போட்டுக் கட்டியதுதான். ஆனால் மரத்தை வெட்டினால் கன்று நடலாம். குன்றுக்குக் கன்று ஏது? பரங்கிமலைச் சார்னோகைட்டை இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தேசிய நிலவியல் சின்னமாக மதிக்கிறது. மற்ற ஊர்க் குன்றுகளிலும் எதை உடைக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று வெடி வைப்பதற்கு முன்பே வரையறுக்க வேண்டும். அதை அவ்வூரார் அறியும்படி பலகையில் எழுதியும் வைக்க வேண்டும்.

அன்புள்ள சகோதரிகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டுச் சுற்றுலாவுக்குப் பொருட்காட்சி வேண்டாம். பரங்கிமலைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆலயத்தில் செபித்துவிட்டு, அதைத் தாங்கி நிற்கும் கல்லையும் நாங்கள் தொட்டுப் பார்த்து வருகிறோம்.