அடிப்பார் என்பது எந்தக் காலம்?

சென்ற வாரம் மானசகங்கோத்திரியில் ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் புள்ளியியல் ஆய்வாளரான நண்பர் ஒருவர் கூறியது இது: “ஃபேண்டஸி கிரிக்கெட்டைத் தடை செய்தவர்களுக்கு நிகழ்தகவும் தெரியாது, கிரிக்கெட்டும் தெரியாது. ஆட்டக்காரரின் செயல்திறனை முன்கணிப்பது ஓர் அறிவியல்.” சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் தலையசைத்தனர். நான் அப்போது வாய் திறக்கவில்லை. கையில் இருந்த போண்டா ஒரு காரணம், வெட்கம் மற்றொரு காரணம். அந்த அறிவியலை நானும் செய்திருக்கிறேன். அதனால் வந்த நட்டத்தை வேறொருவர் கட்டினார். ஆகவே பதில் இங்கே, சற்று நீளமாக.

2025 ஜூன் 3. அகமதாபாதில் பெங்களூருக்கும் பஞ்சாபுக்கும் ஐபிஎல் இறுதிப் போட்டி. அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே ஆய்வேட்டுக்குச் சேர்த்திருந்த தரவுகளை ஒதுக்கிவிட்டு, ஆட்டக்காரர்களின் ஓட்டங்களை ஒரு விரிதாளில் நிரப்பிக்கொண்டிருந்தேன். மொழித் தரவுக்கு எழுதிய நிரலையே சிறிது மாற்றினால் போதுமாக இருந்தது. அந்த எளிமையே ஒரு மயக்கம். விடுதியில் செய்தி பரவிற்று. முதுகலை இரண்டாமாண்டுத் தம்பி ஒருவன், தருமபுரிக்காரன், அறைக்கே வந்து கேட்டான்: “அண்ணா, கேப்டனா யாரப் போடலாம்?” ஸ்ரேயஸ் ஐயர் என்றேன். இரண்டு நாள் முன்புதான் மும்பைக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 87 அடித்திருந்தார். என் தாள் அவருக்கு 48 ஓட்டம் தந்தது. “அடிப்பார்” என்றேன்.

ஸ்ரேயஸ் 1 ஓட்டத்தில் வெளியேறினார். தம்பி ஒரே செயலியில் பற்பல அணிகளை இறக்கியிருந்தான். எல்லாவற்றிலும் தலைவர் அவரே. போனது ஒன்பதாயிரம் ரூபாய். அதில் இரண்டு மாத உணவுக் கட்டணம் இருந்தது என்பது பிறகே தெரிந்தது. மறுநாள் பெங்களூரில் வெற்றி விழா நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அந்த வாரத்தில் ஒன்பதாயிரத்தைப் பற்றிப் பேச இருவருக்குமே கூசியது, பேசாமலே விட்டோம். அவன் ஒருமுறைகூட என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை இப்பதிவை எழுதியிருக்க மாட்டேன்.

என் துறைக்கு வருகிறேன். ‘அடிப்பார்’ என்பது எந்தக் காலம்? எதிர்காலம் என்று பள்ளி இலக்கணம் சொல்லும். ஆனால் “தாத்தா காலையில் நடக்கப் போவார்” என்னும்போது நாம் எதிர்காலத்தைப் பேசவில்லை, வழக்கத்தைப் பேசுகிறோம். தமிழில் வழக்கமும் வருங்காலமும் ஒரே இடைநிலையில் குடியிருக்கின்றன. இங்கே மைசூரில் கேட்கும் கன்னடத்திலும் அப்படியே: ‘ஹொடீதானெ’ என்றால் அடிக்கிறான், அடிப்பது வழக்கம், அடிப்பான் என மூன்றும் ஆகும். மொழிக்கு இது குறையன்று. சூழல் பொருளைப் பிரித்துத் தந்துவிடும். ஆனால் “ஸ்ரேயஸ் நெருக்கடியில் அடிப்பார்” என்று நான் சொன்னபோது என் வாக்கியத்துக்குச் சான்று இருந்தது வழக்கப் பொருளில் மட்டுமே. தம்பி பணம் கட்டியது எதிர்காலப் பொருளுக்கு. ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குத் தாண்டிய அந்த இடைவெளியைத்தான் நண்பர் அறிவியல் என்கிறார்.

காணொளிக் கணிப்பாளர்கள் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார்கள். “இன்னைக்கு ஃபிஃப்டி அடிச்சிட்டாரு, எழுதி வச்சுக்கோங்க” என்பது அவர்கள் நடை. வரப்போவதை இறந்தகாலத்தில் கூறுவதற்குத் தொல்காப்பியர் வினையியலில் இடம் தந்திருக்கிறார். ஆனால் இரண்டு நிபந்தனைகளோடு: பொருளின் இயற்கை, அல்லது தெளிவு. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறக் கண்டவன் மழை பெய்துவிட்டது என்று சொல்லலாம். ஸ்ரேயஸ் எந்த முட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறினார்?

எண்களைப் பார்ப்போம். அந்தத் தொடரில் அவர் 17 இன்னிங்ஸில் 604 ஓட்டங்கள் எடுத்தார்; சராசரி 50.33. இந்தச் சராசரி ஓட்டங்களை ஆட்டமிழந்த தடவைகளால் வகுப்பது. ஆட்டமிழக்காத 5 இன்னிங்ஸ் வகுத்தியில் வராது. என் தாளில் நான் செய்த முதல் பிழை அதுவே: ஃபேண்டஸிப் புள்ளி ஓர் இன்னிங்ஸுக்குக் கிடைப்பது, ஆகவே 17ஆல் வகுக்க வேண்டும். வகுத்தால் 35.5. சரி, பிழையைத் திருத்திவிட்டோம், அறிவியல் மீண்டதா? அந்த 17 எண்களில் ஏழு, பத்தோ அதற்குக் குறைவோ. நடு எண் 26. திட்டவிலக்கம் ஏறத்தாழ 33. அதாவது சராசரியளவுக்கே சிதறலும் இருக்கிறது. இப்படியொரு தரவை ஆய்வேட்டில் வைத்து, “அடுத்த அளவீடு 48” என்று நான் எழுதினால் என் நெறியாளர் தாளைத் திருப்பி எறிவார். அதையே விடுதி அறையில் சொன்னால் அண்ணா அறிவாளி.

நண்பர் உடனே சொல்வார்: “நீ கவனிக்கவில்லை. அந்தத் தொடரில் பெங்களூருக்கு எதிராக அவர் எடுத்தவை 7, 6, 2. எதிரணியைப் பார்த்திருந்தால் தப்பித்திருப்பாய்.” உண்மை, இறுதிப் போட்டியின் 1 அந்த வரிசையில் கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்த விதியையே எடுத்துக்கொண்டு 2025 செப்டம்பர் 28க்குப் போவோம். துபாயில் ஆசியக் கோப்பை இறுதி, இந்தியாவும் பாகிஸ்தானும். அபிஷேக் சர்மா அதுவரை ஆடிய ஆறு ஆட்டங்களில் எதிலும் 30க்குக் கீழே போகவில்லை. பாகிஸ்தானுக்கு எதிராக மட்டும் 31, 74. தொடர் ஃபார்மும் எதிரணி விதியும் ஒரே பெயரைச் சுட்டின. அவர் எடுத்தது 5. ஜூனில் காப்பாற்றியிருக்கும் விதி செப்டம்பரில் கவிழ்த்துவிட்டது. பிழைத்தபின் விதியைத் தேடுவது எளிது. அகமதாபாதில் குருணால் பாண்டியா 4 ஓவரில் 17 ஓட்டம் கொடுத்து 2 விக்கெட் எடுத்து ஆட்டநாயகன் ஆனதும், 2017 இறுதியிலும் அவரே ஆட்டநாயகன் என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. முந்தைய நாள் மாலை அதைச் சொன்ன ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

இதுவரை பேசியது ஒரு வீரரைப் பற்றி. போட்டியின் அமைப்பு இதைவிட விநோதமானது. 22 பேரில் 11 பேரைத் தேர்வதற்கு 7,05,432 வழிகள். தலைவரையும் துணைத்தலைவரையும் சேர்த்தால் 7,75,97,520. மதிப்பு வரம்பு போன்ற கட்டுப்பாடுகள் இதைக் குறைக்கும். ஆயினும் கோடிக்கணக்கு கோடிக்கணக்கே. தலைவருக்கு இரு மடங்கு, துணைத்தலைவருக்கு ஒன்றரை மடங்கு புள்ளி. திறனை அளக்க விரும்பும் ஒருவர் இப்படிச் செய்வாரா? சிதறலைக் குறைக்கவல்லவா முயல்வார்? ஒரே மனிதரின் ஒரே இன்னிங்ஸை இரட்டிப்பாக்குவது அளவையின் வேலையன்று; கவற்றின் வேலை.

பரிசோ உச்சியில் குவிகிறது. இலட்சக்கணக்கானோர் நுழையும் போட்டியில் முதலிடம் பெற, சரியாகக் கணித்தால் போதாது. சரியாகக் கணிப்பவர் எல்லாரும் ஒரே அணியைத்தான் எழுதியிருப்பார்கள். மற்றவர் எடுக்காத ஆளை, அதாவது உங்கள் கணிப்பே வேண்டாம் என்று சொல்லும் ஆளைத் துணிந்து எடுத்து, அவர் அன்றைக்கு அடிக்கவும் வேண்டும். சிறந்த கணிப்பும் வெல்லும் அணியும் இங்கே வெவ்வேறு. நண்பர் போற்றும் அறிவியலை முழுமையாகப் பின்பற்றுபவருக்குத்தான் முதற்பரிசு கிடைப்பது அரிது. இதை எவரும் விளம்பரத்தில் சொல்லிக் கேட்டதில்லை.

எதிர்த்தரப்பின் வலிமையான வாதத்தை மறைக்க விரும்பவில்லை. திறன் அறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2018இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று ஃபேன்டூயல் தரவை ஆராய்ந்து, ஒரு பருவத்தின் முற்பகுதியில் வென்றவர்கள் பிற்பகுதியிலும் வெல்வதைக் காட்டிற்று. ஆகவே திறன் உண்டு என்றது. ஏற்கிறேன். ஆனால் அந்தத் திறன் யாருடையது? 2015 பேஸ்பால் பருவத்தின் முற்பாதியில் ஃபேண்டஸி ஆட்டக்காரர்கள் ஈட்டிய இலாபத்தில் 91 விழுக்காட்டை 1.3 விழுக்காட்டினரே பெற்றனர் என்று மெக்கின்சி ஆலோசகர்களின் கணக்கு சொன்னது. நூற்றுக்கணக்கான அணிகளை நிரலால் உருவாக்கிப் பருவம் முழுதும் இறக்குபவருக்குத் திறன் இருக்கிறது. எண்ணிக்கை பெருகப் பெருக அது வெளிப்படுகிறது. ஒரே இறுதிப் போட்டிக்கு உணவுப் பணத்தைக் கொண்டுவரும் தம்பிக்கு அந்த எண்ணிக்கை என்றைக்கும் வாய்க்காது. திறன் உண்டு என்பதை நிறுவ நிறுவ, தம்பியின் தோல்வியும் உறுதியாகிறது. நண்பரின் வாதம் அவர் நினைத்ததற்கு நேர்மாறான இடத்தில் கொண்டுபோய் விடுகிறது.

சட்டம் இந்தச் சொல்லை எப்படிப் பிடித்துத் தொங்கியது என்பது தனிக் கதை. 1957இல் சமர்பாக்வாலா வழக்கிலும், 1968இல் ரம்மி பற்றிய சத்தியநாராயணா வழக்கிலும், 1996இல் சென்னைக் குதிரைப் பந்தயம் பற்றிய இலட்சுமணன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் திறனையும் வாய்ப்பையும் எடைபோட்டது. 2017இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் டிரீம்11 ஆட்டத்தைத் திறன் பக்கம் வைத்தது. 2021இல் கர்நாடகம் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. 2022 பிப்ரவரி 14இல் உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறனாயினும் வாய்ப்பாயினும் இரண்டுமாயினும் பணம் கட்டி ஆடுவது தடை என்று ஒரே தொடரில் அரை நூற்றாண்டுக்கும் மேலான வாதத்தைக் கடந்து சென்றுவிட்டது. அச்சட்டத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. வெளிநாட்டுத் தளங்களுக்கு ஆட்களைத் தள்ளிவிடுமோ என்ற அச்சம் எனக்கும் உண்டு. எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன, அங்கே பேசட்டும். என் சண்டை சட்டத்தோடும் இல்லை, செயலிகளோடும் இல்லை. வணிகர் தம் சரக்கை அறிவியல் என்பார், அது வணிகம். பல்கலைக்கழகத்தில் இருக்கும் நாம் ஏன் அந்தச் சொல்லை இலவசமாக இரவல் கொடுக்க வேண்டும்?

நண்பர் தேநீரின்போது நளன் கதையையும் இழுத்தார். இருதுபன்னன் தான்றி மரத்தை ஒரு நோக்கில் பார்த்துக் காய்களின் எண்ணிக்கையைச் சொன்னானே, சூதின் இரகசியத்தையும் அவன்தானே அறிந்திருந்தான், ஆக இந்தியரிடம் அன்றே மாதிரிக்கூறாய்வு இருந்தது என்றார். இருக்கலாம். ஆனால் இருதுபன்னன் எண்ணியது தேருக்கு எதிரே நின்ற மரத்தை. ஐயமிருந்தால் இறங்கி எண்ணிப் பார்க்கலாம். என் தாளில் நான் எண்ணியது இன்னும் முளைக்காத மரத்தின் காய்களை. ‘கணி’ என்னும் வேர் தமிழில் ஜாதகம் கணித்தலுக்கும் கணிதத்துக்கும் கணினிக்கும் பொதுவாக நிற்கிறது. வேர் ஒன்று என்பதால் தொழிலும் ஒன்றாகிவிடாது.

புள்ளியியலும் தரவு அறிவியலும் படிக்கும் மாணவர்கள் சிலர் இதையே செயல்திட்டமாக எடுக்கிறார்கள் என்று அறிகிறேன். எடுக்கட்டும், நல்ல தரவு, கற்க நிறைய உண்டு. நெறியாளர்களிடம் கேட்பது ஒன்றே: “இவர் 48 அடிப்பார்” என்ற வரியோடு அறிக்கை முடிந்தால் மதிப்பெண் தராதீர்கள். சிதறல் எவ்வளவு, முந்தைய கணிப்புகளில் எத்தனை பொய்த்தன, ஒரு பெயரைக் கண்ணை மூடித் தொட்டிருந்தால் எத்தனை பொய்த்திருக்கும் என்ற மூன்றையும் அதே பக்கத்தில் அதே எழுத்தளவில் கேளுங்கள். என் தாளை இப்போது அப்படித் திருத்திவருகிறேன். 14 ஆட்டங்கள் வரை சரிபார்த்தாயிற்று. என் தேர்வுத் தலைவர், அணியில் கண்ணை மூடித் தொட்ட பெயரைவிட மேலாக நின்றது எட்டில்.

தம்பி தன் உணவுக் கட்டணத்தை ஆகஸ்டில் கட்டி முடித்தான். பாதி என் உதவித்தொகையிலிருந்து. துபாய் இறுதியன்று மாலை மறுபடியும் அறைக்கு வந்தான். இப்போது பணமில்லாத ஆட்டம்தான், சும்மா கேட்கிறேன் என்றான். “அபிஷேக் இன்னைக்கு எவ்ளோ அண்ணா?” தெரியாது என்றேன். சற்று நேரம் வாசலில் நின்றான். பிறகு, எதிர் அறையில் எம்.எஸ்சி. பையன் ஒருவன் இருக்கிறான், அவனுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனான்.