ஒரு குவியலுக்கு ஓர் உடையவர்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம் நடைபெற்ற காலத்து, பார்களினின்று எடுத்த சிப்பிகளைக் கரையில் மூன்று குவியல்களாகப் பகுப்பர். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளிப்போர்க்கு. பகுத்தபின் எக்குவியலும் இரு திறத்தார்க்கும் உரியதாகாது. உடையவரின்றிக் கிடப்பதும் ஆகாது. சலாபம் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. எனினும் அப்பங்கீட்டின் நெறி, இந்நாளில் கணினியிற் கணக்கெழுதுவோர்க்கும் வேண்டற்பாலதே.

அக்குவியல்களைத் தரவுத்தளமொன்றிற் பதிவதாகக் கொள்வோம். அரசாங்கத்தார்க்கு ஓர் அட்டவணை, குளிப்போர்க்கு ஓர் அட்டவணை உண்டு. குவியலின் உடையவரைச் சுட்டுவது எவ்வாறு? 2004-இல் வெளிவந்த ரூபி ஆன் ரெயில்ஸ் என்னும் வலைச்செயலிச் சட்டகம் எளிய வழியொன்று தருகின்றது: உடையவரின் வகையை ஒரு பத்தியிலும் அவரது எண்ணை மற்றொரு பத்தியிலும் எழுதுதல். இவ்வழியில் இரட்டை உடைமை நேராது. ஆயின் அவ்வெண் எவ்வட்டவணையைச் சேர்ந்ததென்பது வரிக்கு வரி மாறுதலின், அவ்வுடையவர் மெய்யாகவே உளரோ என்று தரவுத்தளம் தானே சோதிக்க இயலாது. குளிப்போன் பெயர் அழிந்தாலும், இல்லாத ஒருவனையே குவியல் சுட்டிக்கொண்டிருக்கும்.

ஆதலின் இரண்டு பத்திகள் வைத்து, ஒவ்வொன்றையும் தன்தன் அட்டவணையோடு அயற்சாவியாற் பிணித்தலே நன்று. இங்கு வேறோர் இடர் தோன்றும்: இரண்டும் நிரம்பலாம், இரண்டும் வெறுமையாகலாம். இதனைச் செயலியின் சோதனை தடுக்குமென்பர் சிலர். அஃது அமையாது. ரெயில்ஸிலேயே பல வரிகளை ஒருங்கு திருத்தும் கட்டளை அச்சோதனையைத் தாண்டிச் செல்லும். வேறொரு செயலி அச்சோதனையை அறியவே அறியாது. இரண்டனுள் ஒன்றே நிரம்பியிருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையை அட்டவணையிலேயே பொறித்தல் வேண்டும். அங்கும் விழிப்பு வேண்டும்: மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் 2019-இல் வந்த 8.0.16 பதிப்புக்குமுன் அத்தகைய நிபந்தனையை ஏற்பதுபோற் காட்டிப் புறக்கணித்து வந்தது.

உடையவர் வகை பலவாயின் பத்திகள் பெருகும். ஆண்டு முன்னைய வழியே பொருந்துமென்பதை மறுக்கிலேம். வகை இரண்டாயின் ஐயமில்லை. செயலிகள் மாறும், ஏடு நிலைக்கும். மூச்சடக்கி மூழ்கினவன் பங்கு, காவலற்ற ஒரு கட்டத்தினாற் பறிபோதல் தகாது என்பதே எம் துணிபு.