வெண்பன்றியாம் வெண்பன்றி!

"படிக்கலேன்னா பன்னி மேய்க்கத்தான் போகணும்." இந்த டயலாக்கைக் கேக்காம வளர்ந்த இன்ஜினியர் யாராவது இருந்தா கை தூக்குங்க பாப்போம். ஆர்.கே.பேட்டையில விசைத்தறி சத்தத்தையும் மீறி எனக்கு இது நல்லாவே கேட்டுச்சு, பாதி தமிழ்ல, மீதி தெலுங்குல. பயந்துபோய் படிச்சு, இப்ப பொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன். இங்க வந்து பார்த்தா, பக்கத்து சீட்டுல ஆணி புடுங்குற நண்பன் வேலைய விட்டுட்டு பன்னி வளர்க்கப் போறானாம். :-)

அதுல தப்பே இல்ல. நல்ல தொழில்தான். என் கடுப்பு வேற. அவன் 'பன்னி'ன்னே சொல்ல மாட்டேங்குறான். "வெண்பன்றிப் பண்ணை"ங்கறான். சொன்ன கையோட ஒரு வாலையும் சேர்த்துக்கறான்: "நீ நினைக்கற கருப்புப் பன்னி இல்லடா, அது சாக்கடையில மேயறது. இது சுத்தமானது." அவன் மட்டுமில்ல, இந்தத் தொழிலைப் பத்தி யார் வாயைத் திறந்தாலும் இந்த வால் ஒட்டிக்கிட்டே வருது. அந்த வாலைப் பிடிச்சு இழுக்கத்தான் இந்தப் பதிவு.

மொதல்ல ஒரு விஷயத்தை ஒத்துக்கறேன். எடை, வளர்ச்சி, குட்டி எண்ணிக்கைன்னு பார்த்தா லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர் நாட்டுப் பன்னியைத் தூக்கிச் சாப்பிட்டுடும். ஒரு ஈத்துக்கு எட்டுலேர்ந்து பன்னெண்டு குட்டி. நல்ல தீனி போட்டா எட்டு மாசத்துல 80, 90 கிலோ. நம்ம நாட்டுப் பன்னி ஒரு வருஷம் ஆனாலும் அதுல பாதியைத் தாண்டறது கஷ்டம். கணக்குப் போட்டு வெள்ளையைத் தேர்ந்தெடுத்தேன்னு சொல்லுங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனா 'சுத்தம்'னு சொன்னீங்கன்னா அது ஜல்லியடி.

நிறத்துக்கும் சுத்தத்துக்கும் என்னங்க சம்பந்தம்? அமெரிக்காவுல உருவான ஹாம்ப்ஷயர் கருப்புதான், தோள்ல மட்டும் ஒரு வெள்ளைப் பட்டை. இங்கிலாந்துக்காரன் பெர்க்‌ஷயரும் கருப்பு. அதைத்தான் ஜப்பான்காரன் 'குரோபுட்டா'ன்னு கூடக் காசு கொடுத்து வாங்கறான். அந்தப் பேருக்கு அர்த்தமே கருப்புப் பன்னிதான்! ஸ்பெயின்ல விலை உசந்த ஐபீரியன் தொடைக்கறி கருப்புப் பன்னியோடது. அவ்ளோ தூரம் எதுக்கு? நம்ம வடகிழக்குல சந்தைக்குப் போனா கருப்புக்குத்தான் மவுசு. அங்க குவாஹாத்தி பக்கத்துல ராணிங்கற இடத்துல இருக்கற தேசிய பன்றி ஆராய்ச்சி மையம், ஹாம்ப்ஷயரையும் வடக்கு வங்காளத்து குங்ரூவையும் சேர்த்து ஒரு கலப்பினம் உண்டாக்கி, அதுக்கு 'ராணி'ன்னே பேர் வச்சாங்க. கருப்பும் கருப்பும் சேர்ந்த ராணி.

குங்ரூவுக்குப் பேர் இருக்கு. மேகாலயாவோட நியாங் மேகாவுக்கு, நாகாலாந்தோட தென்யி வோவுக்கு, கோவாவோட அகோண்டா கோவனுக்கு எல்லாம் கர்னால்ல இருக்கற தேசிய விலங்கு மரபு வள நிறுவனத்துல பதிவு இருக்கு. நம்ம ஊர்ல சுத்தற கருப்புப் பன்னிக்கு நாம வச்ச பேரு 'நாட்டுப் பன்னி'. இல்லேன்னா 'சாக்கடைப் பன்னி'. அவ்ளோதான் மரியாதை.

சரி, சாக்கடை மேட்டருக்கு வருவோம். இடம் கொடுத்தா பன்னி படுக்கற இடத்துல கழியாது, அதுக்குன்னு ஒரு மூலையை ஒதுக்கி வச்சுக்கும். கொட்டில் போட்டவங்களைக் கேளுங்க, சொல்லுவாங்க. அப்புறம் ஏன் சேத்துல புரளுது? அதுக்கு நம்மள மாதிரி வேர்த்துக் கொட்டாது. ஈரமும் சேறும்தான் அதோட ஏசி. திருத்தணி வெயில் தெரியும்ல? அந்த வெயில்ல கருப்பு சமாளிச்சுக்கும். வெள்ளைக்குத் தோல் கருகும், கூரையும் தண்ணியும் இல்லேன்னா சுருண்டுடும். சாக்கடையைத் தொறந்து விட்டது நாம, குப்பையைக் கொட்டினது நாம. அதைத் தின்னு தீர்க்கற ஜீவனுக்கு அசிங்கம்னு பேரு. என்ன கொடுமை சார் இது!

"நாடாப்புழு வரும், மூளைக்குப் போகும்"னு அடுத்த குண்டைப் போடுவாங்க. பக்கத்துல வேலூர் சி.எம்.சி. டாக்டருங்க வருஷக்கணக்கா ஆராய்ஞ்ச வியாதிதான் அது. ஆனா அது எப்படி வருதுன்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியாது. சரியா வேகாத கறியைத் தின்னா புழு மனுஷன் குடல்ல உக்காரும். அதோட முட்டை மனுஷ மலத்துல வெளிய வரும். வெட்டவெளியில கிடக்கற அந்த மலத்தைத் தின்னாத்தான் பன்னிக்கு வரும். அதே முட்டை கழுவாத கையிலயும் காய்கறியிலயும் ஒட்டி வயித்துக்குள்ள போனா, மனுஷன் மூளையில கட்டி, வலிப்பு. சுத்த சைவத்துக்கும் வரும் சாமி! கக்கூஸ் கட்டாதது நாம, பழி பன்னி மேல. உங்க வெண்பன்றியை ஒரு நாள் தெருவுல விட்டுப் பாருங்க, அதுவும் அதையேதான் தின்னும்.

இன்னொண்ணு. வெண்பன்றிப் பண்ணை நிறைய எதுல ஓடுது? ஹோட்டல், ஹாஸ்டல் எச்சில் சோத்துலதான். அதை நல்லா கொதிக்க வைக்காம ஊத்தினா என்ன ஆகும்? ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020ல அஸ்ஸாம், அருணாசலத்துல வந்தது. 2022ல வயநாடு. 2023 தொடக்கத்துல முதுமலையில காட்டுப்பன்னிங்க செத்துச்சு. மனுஷனுக்கு வராது, ஆனா பன்னிக்கு வந்தா மருந்து கிடையாது. மிச்சக் கறித்துண்டு வழியாவும் பரவற அந்த வைரஸ் நிறம் பார்த்து வராது.

பயத்துல முடிவெடுத்தா என்ன ஆகும்னு எகிப்துகாரன் காட்டிட்டான். 2009ல பன்றிக் காய்ச்சல் பீதி. பன்னிக்கறி தின்னு அந்தக் காய்ச்சல் வராதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேக்காம, நாட்டுல இருந்த சுமார் மூணு லட்சம் பன்னியையும் கொன்னு தீர்த்தாங்க. அதை வளர்த்தவங்க யாரு? கெய்ரோவுல குப்பை அள்ளற ஏழை கிறிஸ்தவங்க. எச்சில் சோத்தைத் தின்ன பன்னி இல்லாம கெய்ரோ தெருவெல்லாம் குப்பை நாறிச்சு.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. கருப்புப் பன்னி வச்சிருக்கறவங்க யாரு, எந்தத் தெரு? வெண்பன்றிக்கு பேங்க்ல லோன் எழுதறவங்க யாரு, எந்தத் தெரு? நான் சொல்லணுமா? எங்க பக்கத்துல நாலு பன்னியை வச்சு புள்ளைங்களைப் படிக்க வைக்கற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. பன்னி பிடிக்கற வண்டி வருதுன்னா அவங்க வீட்ல அன்னைக்குத் தூக்கம் கிடையாது. தேசிய கால்நடை இயக்கத்துல பன்னிப் பண்ணைக்கு 50 சதவீத மானியம், 30 லட்சம் வரைக்கும். ஆனா அதெல்லாம் அம்பது, நூறு தாய்ப்பன்னி வைக்கறவங்க கணக்கு. நாலு பன்னிக்கு எந்தப் படிவமும் இல்ல. 'மாமன்னன்' படத்துல ஹீரோ பன்னி வளர்த்தா விசில் அடிக்கறோம். அந்த அக்கா வளர்த்தா மூக்கைப் பொத்திக்கறோம். அப்புறம் இங்கேர்ந்து திருப்பதிக்கு பஸ் ஏறிப் போய், பெருமாளுக்கு முன்னாடி வராக சுவாமியைத்தான் கும்பிடணும்னு சம்பிரதாயம் வேற பேசறோம். நல்லா இருக்கு!

நண்பா, காட்டுப்பாக்கம் போய்ப் பாரு. பூந்தமல்லி காட்டுப்பாக்கம் இல்ல, பொத்தேரி பக்கம் இருக்கறது. அங்க நம்ம கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கின ரகத்துக்குப் பேரு 'கே.பி.எம். கோல்டு'. அதுல முக்கால் பங்கு யார்க்‌ஷயர், கால் பங்கு நம்ம நாட்டுப் பன்னி. விஞ்ஞானிங்க வேணும்னு சேர்த்த கால் பங்கைத்தான் நீ சாக்கடைங்கற. முடிஞ்சா போர்டுல இருக்கற 'வெண்' எழுத்தை அழிச்சிடு.

டிஸ்கி: பண்ணை ஆரம்பிக்கறதுன்னு முடிவே பண்ணிட்டா, சினை காலம் மூணு மாசம், மூணு வாரம், மூணு நாள். சிமெண்டுத் தரையில பொறந்த குட்டிக்கு மூணாம் நாள் இரும்புச்சத்து ஊசி போட மறந்துடாத, தாய்ப்பால்ல அது பத்தாது. மண்ணைக் கிளறி வளர்ற குட்டி அந்த மண்ணுலேர்ந்தே அதை எடுத்துக்கும்.