ஆராய்ச்சியும் எடுத்துரைத்தலும்

பொறியியலிற் பட்டம் பெற்று எரிசக்தி ஆராய்ச்சியிற் புகும் மாணவனுக்கு ஆய்வுக்கூடமே உலகம் என்றும், கண்டதைப் பொதுமக்களுக்கு எடுத்துரைத்தல் பிறர் கடமை என்றும் கருதுவோர் உளர். அக்கருத்துப் பொருந்தாது என்பதே எமது துணிபு.

இதற்குச் சான்றாக டேவிட் மெக்கே என்னும் பிரிட்டிஷ் அறிஞரை நோக்குவோம். கேம்பிரிட்ஜில் இயற்பியல் பயின்று, அமெரிக்காவின் கால்டெக் கழகத்தில் 1992-ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்ற இவர், முதலில் ஆராய்ந்தது தகவற் கோட்பாட்டையே. பின்னர், எரிசக்தியைப் பற்றி வாதிப்போர் பலரும் அளவறியாது வாதித்தலைக் கண்டு, 2008-ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார்; இணையத்தில் அதனை விலையின்றிப் படிக்கவும் வழிசெய்தார்.

அந்நூலின் சிறப்பு யாது? எரிசக்தியின் வரவு செலவு முழுவதையும், ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு இத்தனை கிலோவாட் மணி என ஒரே அளவையாற் கூறியதேயாம். நம் வீட்டு மின்கட்டணத்தில் 'யூனிட்' எனக் காண்பதும் இக்கிலோவாட் மணியே. அவர் கணக்கின்படி, நாள்தோறும் காரில் 50 கிலோமீட்டர் செல்பவர் செலவிடுவது ஏறத்தாழ 40 யூனிட். கைபேசியின் சார்ஜரை வாளா செருகி வைத்தலால் நாளொன்றுக்கு வீணாவதோ ஏறத்தாழ 0.01 யூனிட். சார்ஜரை ஒரு நாள் முழுதும் கழற்றிவைத்துச் சேமித்த சக்தி, அக்கார் ஒரு விநாடி ஓடுதற்கே போதும்! சார்ஜரைக் கழற்றுதல் நன்றே. அதனோடு கடமை முடிந்ததென அமைதலே தீது.

எளிமையாக உரைத்தால் நுட்பம் கெடும் என்பார் சிலர். இங்கே கெட்டது யாது? கணக்கு மறைந்திலது, யாவர்க்கும் புலனாயிற்று. காற்றாலை வேண்டுமா, அணு உலை வேண்டுமா என்பதை இறுதியில் முடிவு செய்வோர் அறிஞர் மட்டும் அல்லர். வாக்களிக்கும் மக்களும் ஆவர். அவர்க்கு அளவு தெரியாதவிடத்து உரத்த குரலே வெல்லும்.

மெக்கே 2009 முதல் 2014 வரை பிரிட்டிஷ் அரசாங்கத்தின் எரிசக்தித் துறைக்குத் தலைமை விஞ்ஞான ஆலோசகராயிருந்தார். 2013-இல் கேம்பிரிட்ஜில் பொறியியற் பேராசிரியரானார். 2016-இல் தமது 48-ஆம் வயதிற் காலமானார். எடுத்துரைத்தல் அவருடைய ஆராய்ச்சிக்கு இடையூறாகவில்லை. அதன் ஒரு பகுதியாகவே விளங்கிற்று.

ஆதலின், மாணவ நண்பர்காள், உங்கள் ஆய்வின் பொருளை இரண்டு பக்கத் தமிழில், எண்களுடன், அத்துறை பயிலாத ஒருவர்க்கு விளங்குமாறு எழுதிப் பாருங்கள். எழுதவியலாத பகுதி எதுவோ, அதுவே நீங்கள் இன்னும் ஆராய வேண்டிய பகுதியாகும்.